தொழில் வரி: திருத்த வேண்டியது எது?

சென்ற மாதம் நம் அலுவலகத்திற்கு அங்கத்தினர் ஒருவர் வந்திருந்தார். பரம்பரை நெசவாளர். பாவு நூல் வாங்க வந்தவர், மடியிலிருந்து ஒரு சம்பளச் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். அவருடைய மகள் பக்கத்து நகரத்துக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறாள். மாதச் சம்பளம் 8,500 ரூபாய். அந்தச் சீட்டில் ‘தொழில் வரி’ என்று ஒரு பிடித்தம் இருந்தது. “ஐயா, என் மகள் என்ன தொழில் நடத்துகிறாள் என்று இந்த வரி? கடை முதலாளியும் இதைக் கட்டுகிறாரா? அவர் எவ்வளவு கட்டுவார்?” என்று கேட்டார்.

முதல் இரண்டு கேள்விகளுக்கும் எளிதில் விடை கூறினோம். மூன்றாவது கேள்விக்கு உரிய விடையைச் சொன்னபோது நமக்கே நாணமாக இருந்தது. அவ்விடையைப் பற்றியே இத்திங்கள் எழுத எண்ணினோம்.

தொழில் வரி என்பது பெயருக்குத் தொழிலின் மீதுள்ள வரியாயினும், தொழில், வணிகம், பணி, வேலை ஆகிய யாவற்றின் மீதும் விழுவது. அரசியலமைப்பின் 276ஆம் பிரிவு இதற்கு இடந்தருகிறது. கர்நாடகம், மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களில் மாநில அரசே இதனை வசூலித்துக் கொள்கிறது. தமிழ்நாட்டிலோ இது ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகிய தல நிறுவனங்களுக்கே உரியது. ஆண்டுக்கு இருமுறை, அரையாண்டு வருமானத்தைக் கணக்கிட்டு இது விதிக்கப்படுகிறது. சம்பளக்காரரிடம் சம்பளத்திலேயே பிடித்துக் கொள்ளப்படுகிறது. வணிகர் தாமாகச் செலுத்துகிறார்.

வரியே கூடாது என்று வாதிடுவது நம் நோக்கமன்று. நகரம் என்பது ஆகாயத்திலிருந்து இறங்கிய பொருளா? விருதுநகருக்கு ஆனைக்குட்டத்து நீரும், சிவகாசிக்கு வெம்பக்கோட்டை நீரும் தாமே நடந்து வருவதில்லை. குழாயும் பம்பும் மின்சாரமும் ஆளும் வேண்டும். வத்தலும் மல்லியும் பருத்தியும் ஏற்றிக்கொண்டு மண்டிக்கு வரும் நம் விவசாயப் பெருமக்கள், நகரத்துச் சாலையில்தான் வண்டி ஓட்டுகிறார்கள். அருப்புக்கோட்டைத் தறிக்காரரும், சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்வோரும், சிவகாசி அச்சகங்களில் தாள் மடிப்போரும் நகரத்தின் சாக்கடையும் விளக்கும் சரியாக இருந்தால்தான் நலமாக வாழ முடியும். 2021ஆம் ஆண்டில் திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு சிவகாசி மாநகராட்சியாயிற்று. பெயர் பெருகியதைப் போலவே பொறுப்பும் பெருகியிருக்கிறது. ஆகவே நகரத்திற்குப் பணம் வேண்டும்; அதனை நகரத்தில் பொருளீட்டுவோர் தர வேண்டும். இதில் கருத்து வேற்றுமை இல்லை. யார், எவ்வளவு தருவது என்பதில்தான் நம் வழக்கு.

தமிழ்நாட்டில் இவ்வரிக்கு வருமானப் படிகள் உள்ளன. அவற்றை அன்பர்கள் சற்றுப் பொறுமையாக நோக்க வேண்டும். அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய் வரை உள்ளவருக்கு வரி இல்லை. அதற்கு மேல் 30,000 வரை ஒரு படி. 45,000 வரை ஒரு படி. 60,000 வரை ஒரு படி. 75,000 வரை ஒரு படி. 75,000க்கு மேற்பட்டவர் அனைவரும் ஒரே படியினர். இவற்றை மாதக் கணக்காக்கிப் பார்ப்போம். மாதம் 3,500 ரூபாய்க்கு ஒரு ரூபாய் கூடுதலாகப் பெற்றாலும் வரி தொடங்கிவிடுகிறது. மாதம் 12,500 ரூபாய்க்கு மேல் பெற்றால் ஏணியின் உச்சிப்படி வந்துவிடுகிறது. அதற்கு மேல் படியே கிடையாது. மாதம் 13,000 ரூபாய் பெறும் கடைச் சிப்பந்தியும், அக்கடையின் உரிமையாளரும், அவ்வூரிலேயே பெரிய ஆலையை நடத்தும் கோடீஸ்வரரும் அந்தப் படியில் தோளோடு தோள் நிற்கிறார்கள். மூவரும் செலுத்தும் தொகை ஒன்றே.

நம் நெசவாளர் கேட்ட மூன்றாவது கேள்விக்கு விடை இதுதான். முதலாளி எத்தனை கோடி ஈட்டினாலும் அவர் செலுத்தும் தொழில் வரி அரையாண்டுக்கு 1,250 ரூபாய்க்கு மேற்போகாது.

இந்தப் படிகள் 1998ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தோடு வந்தவை. அந்நாளில் அவை அநியாயமாகத் தோன்றியிரா. 1998-99ஆம் ஆண்டில் மத்திய அரசின் வருமான வரிக்கே விலக்கு எல்லை ஆண்டுக்கு 50,000 ரூபாய்தான். தொழில் வரியின் விலக்கு எல்லையோ ஆண்டுக்கு 42,000. இரண்டும் அடுத்தடுத்த வீட்டுத் திண்ணைகளைப் போல ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருந்தன. பின்னர் நடந்தது என்ன? வருமான வரியின் திண்ணை படிப்படியாக உயர்ந்தது. 2025-26ஆம் ஆண்டில் புதிய வரிமுறையின்கீழ் 12 லட்சம் ரூபாய் வரை வருமானமுள்ளவர், தள்ளுபடி கிடைப்பதால், வருமான வரி செலுத்த வேண்டியதில்லை. தொழில் வரியின் திண்ணையோ கட்டியவர் கட்டிய இடத்திலேயே கிடக்கிறது. ஆண்டுக்கு 12 லட்சம் பெறுபவரிடம் ஒன்றும் வேண்டாம் என்கிறது டில்லி; ஆண்டுக்கு 42,000க்கு மேல் பெறுபவரிடம் கொடு என்கிறது ஊர்.

இரண்டும் வேறு வேறு நோக்கமுடைய வரிகள் என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். ஊருக்குக் கொடுப்பது சிறு தொகையாயினும் எல்லோரும் கொடுப்பது நல்லதே என்றும் சொல்லலாம். அதையும் ஏற்போம். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். ஊரக வேலை உறுதித் திட்டத்திற்கு 2025-26ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக்கென அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். கண்மாய்க் கரையில் மண் வெட்டும் வேலைக்கு அரசே நிர்ணயித்த கூலி இது. இதே கூலியில் ஒருவர் மாதம் 26 நாள் நகரத்துக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறார் என்று கொள்வோம். மாதம் 8,736 ரூபாய். அரையாண்டுக்கு 52,416 ரூபாய். அவர் வரி விதிக்கப்படும் முதற்படியில் இல்லை, இரண்டாம் படியிலும் இல்லை. மூன்றாம் படியில் ஏறி நிற்கிறார்! மண் வெட்டுவோர் கூலியைப் பெறுபவரை நடுத்தர வருவாயினராகக் காட்டும் ஏணி, ஏணியாகாது.

இனி, திருத்தம் என்ற பெயரில் நடந்து வருவதைப் பார்ப்போம். ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை இவ்வரியை 25 சதவீதத்திற்குக் குறையாமலும் 35 சதவீதத்திற்கு மேற்படாமலும் உயர்த்த வேண்டும் என்பது சட்டத்தின் ஏற்பாடு. கேட்பதற்கு நியாயமாகவே உள்ளது. விலைவாசி ஏறும்போது வரியும் ஏற வேண்டாமா? ஆனால் உயர்வது வரித் தொகை மட்டுமே. வருமானப் படிகள் அசைவதில்லை. அதோடு அரசியலமைப்பின் உச்சவரம்பு ஒன்று மேலே குறுக்கே நிற்கிறது. எந்த ஒரு நபரிடமும் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கலாகாது. மேற்படியினர் அந்த உச்சவரம்பை எட்டிவிட்டபடியால் அவர்களுக்கு உயர்வு இல்லை. எட்டாதவர் யார்? கீழ்ப்படியினர். ஆகவே ஒவ்வொரு ஐந்தாண்டும் உயர்வு முழுவதும் அவர்கள் தலையிலேயே விழுகிறது.

சென்னை மாநகராட்சியை உதாரணமாகக் கொள்வோம். 2024ஆம் ஆண்டில் அங்கு மன்றம் தீர்மானித்தபடி, அரையாண்டுக்கு 21,001 முதல் 30,000 வரை பெறுவோரின் வரி 135 ரூபாயிலிருந்து 180 ஆயிற்று. 45,001 முதல் 60,000 வரை பெறுவோரின் வரி 690 ரூபாயிலிருந்து 930 ஆயிற்று. 75,000க்கு மேற்பட்டவரின் வரி 1,250 ரூபாயாக இருந்தது. 1,250 ரூபாயாகவே நின்றது. மாதம் 4,000 ரூபாய் ஈட்டுவோருக்கு உயர்வு உண்டு. மாதம் 4 லட்சம் ஈட்டுவோருக்கு உயர்வு இல்லை. சென்னை மன்றத்தைக் குறை கூறி என்ன பயன்? சட்டம் வகுத்த வாய்க்காலில்தான் நீர் ஓடும்.

இவ்வாய்க்கால் எங்கே கொண்டு போய் விடும் என்பதையும் கணக்கிட்டுப் பார்த்தோம். 930 ரூபாயை இன்னும் ஒருமுறை 35 சதவீதம் உயர்த்தினால் 1,255 ஆகிறது. அதாவது உச்சவரம்பைத் தொட்டுவிடுகிறது. அப்போது மாதம் 8,500 ரூபாய் பெறும் நம் நெசவாளர் மகளைப் போன்ற ஒருத்தியும், அவளுக்குச் சம்பளம் கொடுப்பவரும் ஒரே வரி செலுத்துவார்கள். அடிப்படியின் 180 ரூபாயை அவ்வாறே ஏழு முறை உயர்த்தினால் அதுவும் 1,250ஐத் தாண்டிவிடும். அதன்பின் எல்லாப் படிகளும் ஒன்றாகி, ஏழை பணக்காரர் என்ற பேதமில்லாமல் தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைவரியே எஞ்சும். பழங்காலத்து மன்னர்கள் விதித்த தலைவரியைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்து வருந்தியவர்கள் நாம். மக்களாட்சியில் அதனை ஐந்தாண்டுத் தவணையில் நாமே கட்டி எழுப்பலாமா?

உச்சவரம்பின் வரலாற்றையும் சிறிது கூறுவோம். 1950இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது அது ஆண்டுக்கு 250 ரூபாய். 1988இல் அறுபதாவது திருத்தம் அதனைப் பத்து மடங்காக்கி 2,500 என்றது. அதன்பின் 37 ஆண்டுகளுக்கும் மேலாகியும் அது அசையவில்லை. 1988இல் 2,500 ரூபாய் என்பது செல்வரையும் சற்று யோசிக்க வைத்த தொகை. இன்று அது பெரிய வணிகர் வீட்டு விருந்தொன்றில் வாழை இலைக்கு ஆகும் செலவு. பதினான்காவது நிதிக்குழு இந்த வரம்பை ஆண்டுக்கு 12,000 ரூபாயாகவும், பதினைந்தாவது நிதிக்குழு 18,000 ரூபாயாகவும் உயர்த்தப் பரிந்துரைத்தன. பரிந்துரைகள் ஏட்டில் உள்ளன, அரசியலமைப்பில் ஏறவில்லை.

இவ்விடத்தில் நம் மாவட்டத்தின் பழைய ஏற்பாடொன்று நினைவுக்கு வருகிறது. சிவகாசி, விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஊர்களில் வணிகம் செய்த நாடார் பெருமக்கள், நகராட்சி என்ற சொல்லையே ஊரார் அறியாத காலத்தில், ‘மகமை’ என்ற நிதியைத் தாங்களே விதித்துக் கொண்டார்கள். வாங்கி விற்கும் சரக்கின் மீது, மூட்டைக்கு இவ்வளவு, பொதிக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையை ஒதுக்கி உறவின்முறையிடம் ஒப்படைத்தார்கள். அப்பணத்தில் பேட்டையும் கிணறும் கோயிலும் எழுந்தன. அந்நாளைய விருதுப்பட்டியில் 1889ஆம் ஆண்டு க்ஷத்திரிய வித்தியாசாலை எழுந்ததும் அவ்வுறவின்முறையின் முயற்சியால்தான். வீடுதோறும் அள்ளி வைத்த பிடி அரிசியும் அப்பள்ளியைத் தாங்கிற்று. காமராஜர் கல்வி பயின்றது அங்கேதான்.

மகமையின் தத்துவம் யாது? பத்து மூட்டை விற்றவர் பத்து மூட்டைக்குக் கொடுத்தார். ஆயிரம் மூட்டை விற்றவர் ஆயிரம் மூட்டைக்குக் கொடுத்தார். வணிகம் வளர நிதியும் வளர்ந்தது. எவரும் உச்சவரம்பு வைத்து, “இதற்கு மேல் பெரியவர் கொடுக்க வேண்டாம்” என்று கூறவில்லை. கொடுத்த பணம் கிணறாகவும் பள்ளியாகவும் கண்ணெதிரே நின்றது. அது ஒரு சமூகத்தாரின் வட்டத்திற்குள் நடந்த ஏற்பாடு என்பதை நாம் மறக்கவில்லை. நகராட்சியோ எல்லாச் சாதியார்க்கும் மதத்தார்க்கும் பொது. ஆயினும் அளவறிந்து கொடுக்கும் அந்த நீதி பொதுவுக்கும் பொருந்தாதா? நம் பாட்டன்மார் பேட்டையில் அறிந்திருந்த கணக்கை நாம் நகரமன்றத்தில் மறந்துவிட்டோம்.

அண்டை மாநிலத்தையும் நோக்குவோம். 2023 ஏப்ரல் முதல் கர்நாடகத்தில் மாதம் 25,000 ரூபாய்க்குக் குறைவாகச் சம்பளம் பெறுவோருக்குத் தொழில் வரி இல்லை. அதற்கு முன் அந்த எல்லை 15,000 ஆக இருந்தது. அவ்வாண்டு மகாராஷ்டிரத்திலும் பெண்களுக்கான விலக்கு எல்லை மாதம் 10,000 ரூபாயிலிருந்து 25,000 ஆக உயர்ந்தது. அவ்விரு மாநிலங்களுக்கும் 2,500 ரூபாய் உச்சவரம்பு நமக்கிருப்பதைப் போலவே உண்டு. இருந்தும் எளியவரை விடுவிக்க அவர்களால் முடிந்தது. உச்சவரம்பு உயர்வதற்குப் பாராளுமன்றத்தை எதிர்பார்த்துத்தான் ஆக வேண்டும். கீழ்ப்படியை உயர்த்த யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பதற்கு இவை சான்று.

கடல் கடந்த நாடுகளிலும் இச்சிக்கல் தோன்றாமலில்லை. பிரான்சில் புரட்சிக் காலத்தில், 1791இல், ‘பத்தாந்து’ என்ற தொழில் உரிம வரி பிறந்தது. காலம் மாறியும் அது நெடுநாள் நீடித்தது. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் வேறொரு வரி அதன் இடத்திற்கு வந்தது. அதுவும் 2010இல் மாற்றப்பட்டது. ஜெர்மனியில் நகரங்கள் விதிக்கும் தொழில் வரி இலாபத்தைப் பொறுத்தது. தனி வணிகருக்கு ஆண்டுக்கு 24,500 யூரோ வரையிலான இலாபம் விலக்கு. அதற்கு மேல் ஈட்ட ஈட்ட வரியும் கூடும். சிறு கடைக்காரர் தப்புகிறார், பெரிய ஆலை கொடுக்கிறது, நகரம் செழிக்கிறது. அந்நாட்டு முறையை அப்படியே இங்கு நட வேண்டும் என்பது நம் கருத்தன்று. அந்த நியாயம் நம் மண்ணிலும் விளையும் என்றே சொல்கிறோம்.

தொழில் வரியோடு மக்கள் குழப்பிக் கொள்ளும் மற்றொன்று தொழில் உரிமக் கட்டணம், அதாவது லைசென்ஸ். இவ்விரண்டும் வேறு. வரி பொதுச் செலவுக்கு. கட்டணமோ அரசு செய்யும் மேற்பார்வைக்கு. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற ஷிரூர் மடம் வழக்கில் 1954ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இவ்வேறுபாட்டை எடுத்துக் காட்டியிருக்கிறது. 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம், ஆபத்தும் தொல்லையும் விளைக்கக்கூடிய தொழில்கள் என்று ஒரு பட்டியல் வகுத்து அவற்றிற்கு உரிமம் கேட்டது. சிவகாசி போன்ற ஊரில் பட்டாசுக் கிட்டங்கிக்கு மேற்பார்வை வேண்டாமென்று எவர் சொல்வார்? உயிர்களைப் பலி கொடுத்துப் பாடம் படித்த ஊர் அது. அச்சட்டத்தின் இடத்தில் 2023 ஏப்ரல் முதல் நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டமும் அதன் விதிகளும் நடைமுறைக்கு வந்துள்ளன. சட்டம் புதிதாயிற்று, நோக்கும் புதிதாக வேண்டும். வெடிமருந்து வைப்பவரிடம் கண்டிப்பாகவும், இட்லிக் கடை வைப்பவரிடம் எளிமையாகவும் இருப்பதே உரிமத்திற்கு அழகு. வரியில் விழுந்த துண்டைக் கட்டணத்தை ஏற்றி அடைக்க முனைந்தால், அது மேற்பார்வையன்று, மறைமுக வரியே.

நம் யோசனைக்கு ஒரு மறுப்பு உண்டு. விலக்கு எல்லையை உயர்த்தினால் நகராட்சிக்கு வருமானம் குறையுமே, சாலைக்கும் நீருக்கும் எங்கே போவது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, அதைத் தட்டிக் கழிக்க மாட்டோம். முதலாவதாக, சம்பளக்காரர் எவரும் இவ்வரியிலிருந்து தப்புவதில்லை. ஏனெனில் கைக்குச் சம்பளம் வருமுன்னே வரி போய்விடுகிறது. தாமாகக் கணக்குக் காட்ட வேண்டியவர்கள் யாவரும் ஏட்டில் இருக்கிறார்களா என்று ஒவ்வொரு நகராட்சியும் தன் வீதிகளை ஒருமுறை நடந்து எண்ணிப் பார்க்கட்டும். இரண்டாவதாக, உச்சவரம்பு உயருமானால் மேலே சில படிகளைச் சேர்ப்பதால் வரும் தொகை, கீழே விடுவதைப் பெரிதும் ஈடுசெய்யும். மூன்றாவதாக, உச்சவரம்பு உயரும் வரையில் ஏற்படும் இழப்பை மாநில அரசு மானியமாகத் தர வேண்டும். நம் சட்டமன்றம் வகுத்த படிகளால் நேர்ந்த தவறுக்கு ஊர் நகராட்சியைத் தண்டிப்பது முறையன்று.

ஆகவே நாம் வேண்டுவன இவை. வருமானப் படிகளை மாநில அரசு திருத்த வேண்டும். மாதம் 25,000 ரூபாய் வரை பெறுவோருக்கு அண்டை மாநிலம் அளித்துள்ள விலக்கை நம் மாநிலமும் அளிக்கலாம். வரித் தொகையை ஐந்தாண்டுக்கு ஒருமுறை உயர்த்தும் அதே சட்டம், வருமானப் படிகளையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை உயர்த்தட்டும். அதுவரை நகரமன்றங்கள் தமக்குள்ள இடத்தில் 35 சதவீதத்தை நாடாமல் 25 சதவீதத்தோடு நிறுத்தட்டும். நிதிக்குழுக்கள் கூறிய உச்சவரம்பு உயர்வைப் பாராளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் வற்புறுத்தட்டும். தொழில் வரியாக வந்தது எவ்வளவு, எந்தத் தெருவுக்கு எந்த வேலைக்குச் செலவாயிற்று என்பதை ஒவ்வொரு நகராட்சியும் தன் வாசற்பலகையில் எழுதி வைக்கட்டும்.

நம் சங்கங்களும் சும்மா இருத்தல் ஆகாது. அடுத்த பொதுக்குழுக்களில் இதனைத் தீர்மானமாக நிறைவேற்றி நகரமன்றத்திற்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். தறிக்காரருக்கும் விவசாயிக்கும் இதில் என்ன என்று எண்ண வேண்டாம். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள்தாம் நகரத்துக் கடைகளிலும் அச்சகங்களிலும் ஆலைகளிலும் வேலை பார்க்கிறார்கள். கூட்டுறவின் முதற்பாடமே, சுமையைத் தாங்கும் தோளைப் பார்த்துப் பங்கிடுவதுதான்.

அந்த நெசவாளர் விடைபெறும்போது, “ஊருக்குக் கொடுப்பதில் எனக்கு வருத்தம் இல்லை ஐயா, கொடுக்க முடிந்தவரும் கொடுக்கிறார் என்று தெரிந்தால் போதும்” என்றார். நாம் இத்தனை பக்கம் எழுதியதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நகரமன்றத்தாரும் நாடாளுவோரும் அதற்குச் செவி சாய்ப்பார்களாக.